பச்சைமுத்து நினைவா ஒரு கிரைண்டர்

அட, நீங்க வேற சார், பேஸ்புக்கு இன்னா வெட்டி வேலையா? விக்கிரவாண்டிகிட்ட ஒரு இல்லமே அதுலதான் சோறு துன்னுது. நடக்க முடியாத புள்ளைங்க. சவுரியம்மான்னு ஒருத்தங்க நடத்துறாங்க. முன்னல்லாம் பாவம், உண்டியலத் தூக்கிக்கினு திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல நிப்பாங்க. அப்புறம் மெர்லின்னு ஒரு பொண்ணு வேலைக்கு வந்துச்சு. படு சுட்டி. யாரு சாப்பாடு போட்டாலும் போட்டோவ பேஸ்புக்குல ஏத்திடும். பொறந்தநாளுன்னா கேக்கு, பலூனு. நினைவுநாளுன்னா மாலை, குத்துவிளக்கு. பாக்குறவன் சும்மா இருப்பானா? நானும் போடுறேன், நானும் போடுறேன்னு போன் மேல போனு.

அங்கதான் சார் வந்துச்சு பேஜாரு. கெடார்ல பச்சைமுத்துன்னு ஒரு ஆளு. தனிக்கட்டை, மல்லாட்டை யாவாரம், அதான் சார் வேர்க்கடலை. தன்னோட பொறந்தநாளுக்குப் புள்ளைங்களுக்கு பிரியாணி போட்டாரு. அன்னிக்குன்னு பாத்து வரிசையா நினைவுநாளு. மெர்லினு அவசரத்துல இவரு படத்துக்கும் மாலையப் போட்டு, வெளக்க ஏத்தி, பேஸ்புக்குல போட்டு வுட்டுடுச்சு!

சிரிங்க சார், நானே சிரிச்சேன். அந்த ஆளுகிட்ட பட்டன் போனு, ஒண்ணும் தெரியாது. அவரு பத்தாவது படிச்சது திண்டிவனத்துல, தொண்ணூத்திமூணுல. அப்புறம் கெடாருக்கு வந்ததுலேர்ந்து ஒருத்தனோடயும் தொடர்பு இல்ல. கூடப் படிச்சவனுங்க துபாயி, சிங்கப்பூருன்னு கெடக்குறானுங்க. படத்தப் பாத்துட்டு வாட்சப்புல குரூப்பு ஆரம்பிச்சி ஒரே ஒப்பாரி. கண்ணையன்னு ஒருத்தன் தேம்பித் தேம்பி அழுவுறான் சார், மாப்ள பேர்ல எதாச்சும் பண்ணணும்டான்னு. கடசில பெரிய கிரைண்டரா வாங்கி, பச்சைமுத்து நினைவாகன்னு பெயிண்டுல எழுதி, இன்னிக்குக் குடுக்குறாங்க. லீவு போட்டுக்கினு எல்லாரும் வந்துட்டானுங்க.

நேத்துதான் மெர்லினு தப்பக் கண்டுபுடிச்சிச்சு. அழுதுக்கினே பச்சைமுத்துக்கு போன் பண்ணி, கண்ணையன் இல்லத்துக்கு அழுது அனுப்புன வாய்ஸ் மெசேஜையும் போனுலயே போட்டுக் கேக்க வெச்சுச்சு. இல்லத்துல எல்லாருக்கும் பயம். உண்மையச் சொன்னா கிரைண்டரத் திருப்பித் தூக்கிக்கினு போயிட்டா? பழசு கெட்டுப்போயி புள்ளைங்க இட்லியக் கண்ணால பாத்தே ரொம்ப நாளாச்சு. சவுரியம்மா மட்டும், பொய் சொல்லி வாங்க மாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்குறாங்க.

அதுக்கு அந்த ஆளு, நீங்க வாயே தொறக்காதீங்கம்மா, நானே வந்து நிக்குறேன்னுட்டாரு.

ஏன் சார் அப்பிடிப் பாக்குறீங்க? செத்தவன் நான்தான். இந்தச் சட்டை நல்லா இருக்குதா, சொல்லுங்க. நமக்காக அழுவறதுக்கும் ஆளு இருக்குன்னு நேத்து வரைக்கும் தெரியாது சார். கண்டக்டரே, விக்கிரவாண்டி ஒண்ணு எறக்கம்!