இடையில் ஓர் எழுத்து

மனிதர்களுக்குப் படிப்பதென்றால் வேப்பங்காய். வெளியே சொன்னால் திமிர் பிடித்தவள் என்பார்கள் என்று இத்தனை காலம் மனதுக்குள்ளேயே வைத்திருந்தேன். விசாரிக்க வந்த நீங்கள் கேட்பதால் சொல்கிறேன், மேடம்.

எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு நான் எழுதிய மென்பொருளுக்கு ஒரே வேலைதான். மரபணுவின் நீண்ட எழுத்து வரிசையில் குறிப்பிட்ட மூன்றெழுத்து எங்கே திரும்பத் திரும்பக் கொத்தாக வருகிறது என்று தேடும். கொத்து அளவு மீறினால் நடுவயதில் கைகால் தானாக ஆடும், பிறகு புத்தி தடுமாறும். எங்கள் அப்பா அப்படித்தான் போனார். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரலாம்.

வரிசையை வாசிக்கும் கருவி அவ்வப்போது ஓர் எழுத்தைத் தப்பாகப் படிக்கும். ஆகவே கொத்தின் நடுவே ஒற்றை எழுத்து பிசகினாலும் இரு பக்கத்தையும் சேர்த்தே எண்ணும்படி விதி வைத்திருந்தேன். அதை விளக்கி நான் எழுதிய அறிக்கையைத் தலைமை மருத்துவர் மேசையில் தூக்கிப் போட்டார்.

"இதையெல்லாம் யாரும்மா உக்காந்து படிக்கிறது? பச்சையா, சிவப்பா, அதை மட்டும் காட்டு."

காட்டினேன். கூடவே அந்த விதியையும் எடுத்துவிட்டேன். இனி ஓர் எழுத்து பிசகினால் பெரிய கொத்து இரண்டு சின்னக் கொத்தாகும், நோயில்லை என்று பச்சை விழும். முழு வரிசையும் நிறத்துக்குக் கீழேயே அச்சாகி வந்தது. கண் உள்ளவர்கள் பார்த்திருக்கலாம். மருத்துவர் கையெழுத்துப் போட்டார். சிவப்பு வாங்க வேண்டியவர்கள் பச்சையோடு எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

தங்கையும் வந்தாள். அவளுடைய வரிசையை நான் படித்தேன். நடுவில் ஓர் எழுத்து பிசகியிருந்தது, மற்றபடி அப்படியே அப்பா.

"அக்கா, பச்சைக்கா. இனிமே பயமில்லாம பிள்ளை பெத்துக்கலாம்ல?"

"கீழ இருக்கறதைப் படிச்சியாடி?"

"அந்த எறும்புக் கூட்டத்தை எவ படிப்பா? அதான் நீ இருக்கியே."

இதற்குமேல் நான் என்ன செய்ய முடியும்? வாய்ப்புக் கொடுத்தேன். இப்போது அவள் நிறைமாதம்.

கவனக்குறைவு என்று எழுதாதீர்கள், அது எனக்கு அவமானம். தெரிந்தேதான் செய்தேன். உண்மையைப் பார்க்கத் துணிவில்லாதவர்களுக்காக நான் வருத்தப்படுவதில்லை.

பழைய விதியைத் திரும்பப் போட்டு எல்லோருடைய ரத்தத்தையும் மறுபடி சோதிக்கிறீர்கள், சரி. அதே அப்பாவின் மூத்த மகள் என்பதால் என்னுடையதையும் கேட்கிறீர்கள். இல்லை, இதுவரை சோதித்துக்கொண்டதில்லை.

ஊசியை எடுத்து உள்ளே வையுங்கள், மேடம். எனக்கு ரத்தம் பார்த்தால் ஆகாது.