ஞாயிற்றுக்கிழமை கிரிவலம்

அலோ... அலோ, யாரு?... ஆமா, அவரு போனுதான். சார்ஜ்ல போட்டுட்டு கடைக்குப் போயிருக்காரு. நீ யாரும்மா?... தென்றலா? எந்த தென்றல்?... வேங்கிக்கால் தாண்டி... ஓ, வயசானவங்களுக்குன்னு பங்களா பங்களாவா கட்டிக்கினு இருக்காங்களே, நீச்சல் கொளம்லாம் வெச்சி, அங்க வேல பாக்கற பொண்ணா?

எங்க நம்பர் உனக்கு எப்பிடி கெடச்சுது?... இரு இரு. ஓடிபி கீடிபி கேட்ட, வெச்சிடுவேன்... கேக்க மாட்டியா. சரி, சொல்லு.

பிரகாஷ் குடுத்தானா? இந்த ஊட்டு பையன், பெங்களூர்ல இருக்கறவன். அவர அங்க தள்ளிட்டு ஊட்ட விக்கலாம்னு பாக்கறானா? மறைக்காம சொல்லு... அவன் இல்லியா? அப்பறம் யாரு?...

அவரேவா! நேர்லயா?... ஞாயித்துக்கெழம வந்தாரா? இருக்காதும்மா. ஞாயித்துக்கெழம அவரு கிரிவலம் போயிடுவாரு. நீ வேற யாரையோ சொல்ற... ஆமா, வெள்ள சட்டதான்... ஆமா, மூக்கு பக்கத்துல மச்சம்... ஐயோ, அவரேதான்.

வாரா வாரமா?... ம்... ஊடு பாக்க வரவங்களுக்கு மத்தியானம் சாப்பாடு சும்மாவா... ரெண்டு தரம் பாயசம் வாங்குனாரா! அட பாவி மனுசா! சக்கர எறங்க மாட்டேங்குதேன்னு நான் டாக்டர மாத்திக்கினு இருக்கேன். மலைய சுத்தி கால் உட்டுப்போச்சுன்னு வந்து நீட்டுவாரு. நானும் லூசாட்டம் தைலம் தேச்சி உட்டேனே!

இரு, எந்த மாதிரி ஊடு பாத்தாரு?... ஒருத்தருக்கு மட்டுமா? ஏம்மா, கூட பொம்பள யாராச்சும் வராளா? மெய்ய சொல்லு... தனியாவா. ஏன் தனியா?... நானா? நீ யாருன்னு நெனச்ச?... சமையல்காரம்மாவா! ஆமா, அந்த வேலையுந்தான் செய்யறேன். நீ சொல்லு. அவரு என்ன சொன்னாரு?

ம்... ம்... யாரு தவறிட்டா?... பொண்டாட்டியா?... போன வருசம். நெஞ்சு வலி. அப்படியா...

தென்றலு, கொஞ்சம் உக்காந்துக்க. அந்தப் பொண்டாட்டிதான் பேசறேன். உண்ணாமலை... அலோ? அலோ, இருக்கியா?... பேயும் இல்ல, பிசாசும் இல்ல. இப்பதான் கொழம்ப எறக்கி வெச்சிட்டு வந்தேன்.

பயப்படாத, உம்மேல கோவமில்ல... என்னது? புருசன் பொண்டாட்டின்னா ரெண்டு பேரும் சேந்து வந்தாதான் காட்டுவீங்களா?... அதான் என்ன சாவடிச்சிட்டாரு. ஒரு பாயசத்துக்கு! வயிறு எரியுதும்மா. வரட்டும், இந்த போன தூக்கி அடுப்புல போடறேன்...

என்னா?... என்னப் பத்தியா? என்னப் பத்தி என்னா பேசுனாரு?... ஊடு வேணுமான்னு கேட்டா பிடி குடுக்க மாட்டேங்கறாரா. ஏனாம்?... "அவ பொழங்குன ஊட்ட உட்டு வர மனசு வரல"ன்னா?... போம்மா, சாப்பாட்டுக்காக அள்ளி உட்டிருப்பாரு... கண்ணு கலங்குச்சா? யாருக்கு, அவருக்கா?... அவ வெக்கற ரசம் உங்க ஆளுங்களுக்கு வராதுன்னாரா?... எங்கிட்ட ஒரு நாளு வாயத் தொறந்திருப்பாரா அந்த மனுசன்! உப்பு கம்மி, புளி ஜாஸ்தி, இதான் தெரியும்.

வேற?... ம்... ம்... நெசமாவா?... ம்... போதும். போதும்மா.

இரு, வாசல் கேட் சத்தம். வந்துட்டாரு. தென்றலு, சீக்கிரம் கேளு. நான் உசுரோட இருக்கறத அவருகிட்ட சொல்லிடாத... ஆமா, நெசமாத்தான் சொல்றேன். ஞாயித்துக்கெழம வரட்டும். பாயசம் ஊத்தாத, உக்கார வெச்சி பேச உடு. என்னென்ன சொல்றாருன்னு ஒண்ணு விடாம கேட்டுக்க. மறுநாளு இதே நேரத்துக்கு கூப்புடு, அவரு கடைக்குப் போயிருப்பாரு, நான்தான்...

ஆங்? யாரும் இல்லீங்க. ராங் நம்பரு.