சர்ச் ஸ்டாப்பில் இறங்காதவர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் டவுன் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள், மடியில் வேதாகமத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பாதி வழியில் இளையவள் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரரு செத்தது என் ஜெபத்தாலதான்க்கா."

மூத்தவள் மெதுவாகத் திரும்பினாள். "என்னட்டி சொல்லுத?"

"தெனம் குடிச்சிட்டு வந்து அடிச்சாரு. தாங்க முடியாம, ஆண்டவரே இந்த ஆளை எடுத்துக்கிரும்னு முழங்கால் போட்டுக் கேட்டேன். அந்த வாரமே லாரியில அடிபட்டுட்டாரு."

"அதுக்குத்தான் சர்ச்சுல திருவிருந்து அப்பம் வாங்காம பின் பெஞ்சுலயே உக்காந்திருக்கியா?"

"அப்பத்தைத் தொடவே பயமா இருக்கு. தகுதியில்லாம சாப்பிட்டா தண்டனைன்னு போதகரு சொல்லுதாரே."

"அவரு அன்பான தேவன். நம்ம வாயில வந்ததுக்கெல்லாம் ஆளை எடுக்க மாட்டாரு."

"எடுத்திருந்தா? என் மேல உள்ள பிரியத்துல செஞ்சாரா, இல்ல நியாயத்தீர்ப்பு நாள்ல நிறுத்திக் கேக்கதுக்குன்னே செஞ்சாரா?"

கண்டக்டர் சர்ச் ஸ்டாப் என்று குரல் கொடுத்தார். மூத்தவள் எழுந்து இளையவளிடம் கையை நீட்டினாள்.

"பயத்தோடயே வா. நானும் பயந்துக்கிட்டுத்தான் போறேன்."

இளையவள் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். மூத்தவள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, அவள் பக்கத்திலேயே மறுபடி உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியது.

"ஏன்க்கா எறங்கல? ஏன் சர்ச்சுக்கு வரலன்னு ஆண்டவரு ஒங்களையும் கேப்பாரே."

"கேட்டா, ஒங்கூட இருந்தேன்னு சொல்லுதேன்."