கால் போத்தல், அரைப் போத்தல், முக்கால்

என் வீட்டுக்காரர் சுதாகரன் கோழிக்கறி என்றால் இரண்டு தட்டுச் சோறு சாப்பிடுவார், ஐயா. கலியாணமான வருடம் எழுபத்து நான்கு கிலோ இருந்தார். தேயிலைத் தூள் மூட்டையைத் தனியாளாகத் தூக்கி லொறியில் போடுவார்.

பிறகு கசிப்புக் கள்ளச்சாராயம் பழகினார். பத்து வருடத்தில் அதன் அளவெல்லாம் எனக்கு அத்துப்படி. கால் போத்தலுக்குப் பாட்டு வரும். அரைப் போத்தலுக்குக் கை நீளும். முக்காலைத் தாண்டினால் சாய்ந்து தூங்கிவிடுவார். அதனால் அரையில் நிற்கிற நாட்களில் மீதியை நானே ஊற்றிக் கொடுப்பேன். பிள்ளையைக் காப்பாற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை.

சோறு குறைந்தது. கைகால் குச்சியாகி, வயிறு மட்டும் முன்னுக்கு வந்தது. "ஒம் புருஷன் சதை போட்டுட்டாரே" என்றார் பக்கத்துக் காம்பரா வீட்டு ராசம்மா அக்கா. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்து, இது சதையில்லை, நீர் என்றார். ஈரல் சுருங்கி, உணவுக்குழாயில் இரத்தக் குழாய்கள் புடைத்திருக்கின்றனவாம். மறுபடி குடித்தால் அவை வெடிக்கலாம், இரத்தம் வந்தால் உடனே கொண்டுவர வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

நீரை எடுத்த பிறகு ஐம்பத்தொரு கிலோ. நான்கு மாதம் அவர் குடியைத் தொடவில்லை. பசி வந்தது, கன்னம் நிறைந்தது. குடிதான் அடித்தது, மனிதர் நல்லவர் என்று ராசம்மா அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் மகள் சுலக்ஷனா அவருடைய சட்டையில் தேத்தண்ணியைக் கொட்டிவிட்டாள். அவர் எழுந்து அவள் கையைப் பிடித்து முறுக்கினார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் கிட்டப் போய் அவர் வாயை முகர்ந்து பார்த்தேன், ஐயா. ஒரு வாடையும் இல்லை.

"குடிக்காமலே எப்படிங்க?" என்று கேட்டேன்.

"குடிச்சாத்தான் அடிப்பேன்னு ஒனக்கு யாரு சொன்னது?" என்றார்.

பிள்ளை படியில் விழுந்ததாகச் சொல்லிக் கட்டுப் போட்டோம். அவர் உடம்பு தேறிக்கொண்டே வந்தது. கையில் பழைய பலமும் வந்திருந்தது.

கட்டுப் போட்ட மறுநாள் ஒரு போத்தல் வாங்கி அவர் முன்னால் வைத்தேன்.

"எதுக்குடி இது?"

"குளிரா இருக்குல்ல. கொஞ்சமா போட்டுக்கங்க."

போத்தலை என் பக்கமே தள்ளி வைத்தார். கண் கலங்கியிருந்தது. "வேணாம் கிருஷாந்தி" என்றார். நான் ஊற்றினேன். ஒன்பது நாள், ஒரு நாளும் அரையில் நிற்க விடவில்லை.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மகள் ராசம்மா அக்காவோடு கோயிலுக்குப் போயிருந்தாள். மத்தியானம் மூன்று மணிக்கு அவர் இரத்தமாக வாந்தியெடுத்தார். "ஆட்டோவக் கூப்பிடு, என்னைய விட்டுறாத" என்றார். எங்கள் லயத்து வீடுகளுக்குக் கீழே நிரோஷனின் ஆட்டோ நின்றது. நான் வாசல்வரை போய், கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். "சொல்லிட்டேங்க, வந்துக்கிட்டே இருக்கு" என்றேன். ஐந்து மணிவரை மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அதையே சொன்னேன். தலையை மடியில் வைத்து வாயைத் துடைத்துவிட்டேன்.

ஆட்டோ வருகிறது என்ற நம்பிக்கையோடுதான் அவர் போனார். கடைசி நேரத்தில் அவருக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை, ஐயா.