முடி அளவு விரிசல்

ரக்கான்: ...அந்தப் பழசை மட்டும் என்கிட்ட குடுத்துடுங்க சுவைலிம் அண்ணே.

சுவைலிம்: எதை?

ரக்கான்: லாரியிலேர்ந்து கழட்டினீங்களே, இன்ஜின் கம்ப்யூட்டரு. அதை.

சுவைலிம்: செத்துப்போன கம்ப்யூட்டர வச்சு என்னய்யா பண்ணப் போற?

ரக்கான்: சும்மாதான்... ஒரு ஞாபகத்துக்கு.

சுவைலிம்: ஞாபகத்துக்குப் பொண்டாட்டி போட்டோ வச்சுக்க. நகப் மலை ஏத்தத்துல நடுரோட்டுல உன்னை நிக்க வச்ச சனியன் இது. லைட்டைப் பிடி. மேல... இன்னும் மேல.

ரக்கான்: அதுல என்னதான் கோளாறு?

சுவைலிம்: இங்க பாரு. போர்டுல முடி அளவுக்கு ஒரு கோடு தெரியுதா?

ரக்கான்: இல்லையே.

சுவைலிம்: எனக்கும் முதல்ல தெரியல. சூடு காட்டினேன், வாயைத் திறந்துச்சு. இன்ஜின் சூடாகி இது விரிஞ்சா டீசல் நின்னுடும். ஆறினா ஒட்டிக்கும். அப்புறம் எவன் வந்து சோதிச்சாலும் வண்டி நல்லாத்தான் ஓடும்.

ரக்கான்: ஓடிட்டிருக்கும்போதே நின்னா...?

சுவைலிம்: ஸ்டீயரிங் கல்லாயிடும். இன்ஜின் இழுத்துப் பிடிக்கறதும் போயிடும். நீ காலி வண்டியில ஏத்தத்துல நின்ன, தப்பிச்ச. இதே பாஸ்பேட் ஏத்திக்கிட்டு அகபா துறைமுகத்துக்கு இறங்கும்போது நின்னிருந்தா... எங்கய்யா பாக்கற? லைட் ஆடுது.

ரக்கான்: ஒண்ணுமில்ல. அண்ணே, அதைக் குடுத்துடுங்களேன்.

சுவைலிம்: பொறு, போன் அடிக்குது. உங்க முதலாளிதான். ஸ்பீக்கர்ல போடு, என் கை பூரா கிரீஸு... சொல்லுங்க அபூ ஹாயில்.

அபூ ஹாயில்: என் லாரி என்னாச்சு?

சுவைலிம்: உடைசல் லாரியிலேர்ந்து எடுத்த வேற கம்ப்யூட்டர மாட்டிட்டேன். அதுக்கு உங்க சாவிய அடையாளம் தெரியல, ஸ்டார்ட் ஆக விடமாட்டேங்குது. பழக்கிட்டிருக்கேன்.

அபூ ஹாயில்: பழசு எங்க?

சுவைலிம்: இதோ, மேசை மேல.

அபூ ஹாயில்: அதை உடைச்சுடு.

சுவைலிம்: தூக்கிக் குப்பையில போட்டா ஆச்சு...

அபூ ஹாயில்: குப்பையில வேணாம். சம்மட்டி எடுத்து நொறுக்கு. நொறுக்குற சத்தம் எனக்குக் கேக்கணும்.

சுவைலிம்: அது மேல அப்படி என்ன விரோதம்?

அபூ ஹாயில்: என் சாமான், என் இஷ்டம். டிரைவர் பக்கத்துல நிக்கறானா? வெளிய அனுப்பு.

சுவைலிம்: ரக்கான், போய் வண்டியில ஏறு. சாவியத் திருப்பிப் பிடிச்சுக்க. நான் சொல்ற வரைக்கும் இறங்காத.

ரக்கான்: அண்ணே, ஒரு நிமிஷம்...

சுவைலிம்: ஏறுன்னேன்ல.

ரக்கான்: அண்ணே...

சுவைலிம்: போ.

அபூ ஹாயில்: போயிட்டானா?

சுவைலிம்: போயிட்டான். ...இந்தா, அடிக்கிறேன். கேக்குதா?

அபூ ஹாயில்: இன்னும் அடி.

சுவைலிம்: தூளாயிடுச்சு. போதுமா?

அபூ ஹாயில்: போதும். அல்லாஹ் உனக்கு வலுவைக் குடுக்கட்டும்.

சுவைலிம்: உங்களுக்கும். ...இறங்காதன்னு சொன்னேனே, ஏன் வந்த?

ரக்கான்: என்ன பண்ணிட்டீங்க... என்ன காரியம் பண்ணிட்டீங்க அண்ணே.

சுவைலிம்: அவன் போனை வச்சுட்டான். இப்பச் சொல்லு. நீ யாரு?

ரக்கான்: டிரைவரு.

சுவைலிம்: ஒரு தகரப் பெட்டிக்காக டிரைவர் மூஞ்சி இப்படி வெளுக்காது.

ரக்கான்: போன கோடையில இதே லாரி நகப் இறக்கத்துல ஒரு பிக்கப்ப நசுக்கிடுச்சு. கேள்விப்பட்டிருப்பீங்க.

சுவைலிம்: ம்.

ரக்கான்: ஓட்டினது என் அக்கா புருஷன், மித்கால். இன்ஜின் தானா நின்னுச்சு, தானா நின்னுச்சுன்னு அத்தான் கதறினாரு. வண்டியைச் சோதிச்சாங்க, ஜம்முன்னு ஓடுச்சு. தூங்கிட்டான்னு முடிவு பண்ணி உள்ள தள்ளிட்டாங்க.

சுவைலிம்: அதுக்காக அதே லாரியில வேலைக்குச் சேந்தியா?

ரக்கான்: சவூதியில ஓட்டிட்டிருந்ததை விட்டுட்டு வந்தேன். நான் மச்சினன்னு முதலாளிக்குத் தெரியாது. அத்தான் பொய் சொல்லலன்னா எனக்கும் என்னிக்காவது நிக்கும்ல.

சுவைலிம்: லோடோட இறக்கத்துல நின்னிருந்தா?

ரக்கான்: ஒவ்வொரு வாட்டியும் சாகப்போறவன் மாதிரி கலிமா சொல்லிக்கிட்டேதான் இறங்குவேன்.

சுவைலிம்: பைத்தியக்காரா. உன் அக்காவுக்கு வேற யாரு இருக்கா?

ரக்கான்: யாருமில்ல. இன்னிக்கு நின்னப்ப ஸ்டீயரிங்கக் கட்டிப்பிடிச்சு அழுதேன் அண்ணே. பின்னாடி வந்தவனெல்லாம் ஹாரன் அடிச்சுத் திட்டறான், எனக்கு சந்தோஷம் தாங்கல. நீங்க நாலு அடியில முடிச்சுட்டீங்க. முதலாளிக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. இல்லன்னா எதுக்கு நொறுக்கச் சொல்றான்?

சுவைலிம்: உக்காரு.

ரக்கான்: நான் அக்கா மூஞ்சில எப்படி முழிப்பேன்...

சுவைலிம்: உக்காருய்யா. கீழ கிடக்கற தூளைப் பாரு.

ரக்கான்: அதைப் பாத்து என்ன ஆகப்போகுது?

சுவைலிம்: அது எவனோ விட்டுட்டுப் போன வேனோடது. உன்னோடது இந்தத் துணியில இருக்கு. பிடி. கீழ போட்டுடாத.

ரக்கான்: அண்ணே...

சுவைலிம்: மேல ஒட்டியிருக்கற நம்பரையும் லாரியையும் சேத்துப் படம் எடுத்து வச்சிருக்கேன். நேரா வக்கீல்கிட்ட போ, வழியில எங்கயும் நிக்காத. கழட்டினது யாருன்னு கோர்ட்டுல கேட்டா என் பேரைச் சொல்லு. நொறுக்கச் சொன்னது யாருன்னு நான் வந்து சொல்றேன்.

ரக்கான்: அவன் உங்களைச் சும்மா விடமாட்டான்.

சுவைலிம்: பாத்துக்கலாம்.

ரக்கான்: எனக்கு ஒண்ணு புரியல. நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே எடுத்து மறைச்சு வச்சிருக்கீங்க. நாங்க யாரோ எவரோ... எங்களுக்காக நீங்க ஏன்?

சுவைலிம்: புதுசா பெயின்ட் அடிச்சா இந்த லாரிய எனக்கு அடையாளம் தெரியாமப் போயிடுமா? அந்தப் பிக்கப்புல செத்தது என் கூடப்பொறந்த தம்பி. மித்காலுக்காக உங்க பெரியவங்க எங்க வீட்டுக்கு வந்து உக்காந்தாங்க. மன்னிச்சாத்தான் காப்பியத் தொடுவோம்னு காத்திருந்தாங்க. காப்பி ஆறிப்போச்சு. தூங்கினவனுக்கு மன்னிப்பு இல்லன்னு அனுப்பிட்டேன்... பெரியவங்களைத் திரும்ப வரச் சொல்லு ரக்கான். இந்த வாட்டி ஆற விடமாட்டேன்.