ஏரியல் இல்லை, கேமரா

ஆயர் ஈத்தாம் சந்தையில் இடியாப்பம் வாங்க வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால், தொழிற்சாலைச் சட்டை அணிந்த ஒரு பெண் உடன் வந்த மூத்தவளிடம் சொன்னாள்:

“நான் ஓட்டுற காடியில ரேடியோ கரகரன்னு இரைஞ்சதுக்குக் காரணம் என் வீட்டுக்காரருதான், அக்கா.”

“அவரு என்ன பண்ணாரு?”

“ஒர்க்‌ஷாப்புல ஏரியல் மாத்துனாங்க, வயரும் மாத்துனாங்க. அப்பவும் பத்து காவானுக்கு வேலைக்குப் போறப்ப ஒரு பாட்டும் ஒழுங்கா கேட்கல. நேத்து, கண்ணாடிகிட்ட அவரு மாட்டுன கேமராவோட வயரைப் பிடுங்கிப் பார்த்தேன். பாட்டு சுத்தமா கேட்குது லா! திரும்பச் சொருகுனா மறுபடியும் கரகர.”

“வேற நல்ல கேமரா மாட்டிக்கலாமே. ஆக்சிடெண்ட் ஆனா உதவும்.”

“ரோட்டை மட்டும் பார்த்தா சரி. இது என்னையும் பார்க்குது, அக்கா. யாரை ஏத்துறேன், எங்க நிக்குறேன்னு அவரு போன்ல பார்த்துக்கிட்டே இருக்காரு. இனிமே எதுவும் வேணாம்.”

“சண்டை வருமே.”

“வரட்டும்.”

அவளுடைய போன் அடித்தது. மூத்தவள் வேண்டாம் என்பதுபோல் கையைப் பிடித்தாள். இளையவள் எடுத்துவிட்டாள்.

“கேமரா கெட்டுப் போகலங்க. நான்தான் கழட்டுனேன்... முடியாது, மாட்ட மாட்டேன். நான் எங்க இருக்கேன்னு தெரியணும்னா என்னையே கேளுங்க, சொல்றேன்.”

அவர் கேட்டேவிட்டார் போலும். அவள், “சந்தையில. இடியாப்பம் வாங்குறேன். உங்களுக்கும் வேணுமா?” என்றாள்.

போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கடைக்காரரிடம் சத்தமாகச் சொன்னாள்:

“அவருக்கு வேணாமாம். எனக்கு மட்டும் கட்டுங்க, அண்ணே.”