வெளிநடப்புக்கு வராத பிசிலா

"ஹலோ... ஹலோ, பிசிலா! எங்கடி இருக்க? ... உள்ளயா? இன்னுமா உள்ள? ... ஏன் குசுகுசுங்கற, வாயைத் தொறந்து பேசு! ... ஆமா, ஆமா, படம் ஓடுது, எனக்கும் தெரியுது. அது ஓடட்டும். நீ ஏன் எந்திரிச்சு வரல?"

மகெரீட்டா ஒரு காதில் ஃபோனையும் மறு காதில் விரலையும் வைத்துக்கொண்டு தியேட்டர் முன்கூடத்தில் நின்றிருந்தாள். தகரக் கூரைமேல் மழை கொட்டியது. அவளுக்குப் பின்னால் தேவாலய மகளிர் சங்கம் மொத்தமும் ஒரே வெள்ளை உடுப்பில், கைப்பையை மார்போடு அணைத்தபடி, அடுத்து என்ன என்று தெரியாமல் நின்றது.

தங்கள் ஊரான ஆப்பியாவுக்கு வந்திருக்கும் புதுப் படத்தில் ஆபாசம் இருக்கிறதாம் என்று ஞாயிறு ஆராதனையில் போதகர் வருத்தப்பட்டார். சங்கத் தலைவி சும்மா இருப்பாளா? நாங்களே டிக்கெட் வாங்கி உட்காருகிறோம், முதல் அசிங்கம் வந்ததும் ஊர் பார்க்க எழுந்து வெளியேறுகிறோம் என்று மகெரீட்டா சபை நடுவே வாக்குக் கொடுத்துவிட்டாள். சொன்னபடியே அவள் எழுந்தாள். அவளைப் பார்த்து எல்லாரும் எழுந்தார்கள். வாசலுக்கு வந்து பார்த்தால், கூடப் பிறந்த தங்கச்சியைக் காணோம்.

"என்ன, கால் மரத்துப்போச்சா? ... அதுவும் இல்லியா? பின்ன என்னதான்? ... பாப்கார்ன் பாதி மிச்சம் இருந்துச்சா! அடியே, ஆண்டவர் பாத்துட்டிருக்காருடி. ... அவரும் படந்தான் பாக்கறாரா? நாக்கு அழுகிடும் உனக்கு!"

அவள் சங்கத்து லேய்து பக்கம் திரும்பி, முகத்தில் ஒரு புன்னகையை ஒட்டவைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல லேய்து, கால் மரத்துப்போச்சாம். இப்ப வந்துருவா. ... பிசிலா, என் மானத்தை வாங்காத. எந்திரி. அப்படியே குனிஞ்சு வா. ... யாரு? யாரு அழுவுறா? ... அந்தப் பொண்ணா? ... இல்ல, நான் கேக்கல. எனக்கெதுக்கு அந்தக் கதை? ... ஏன் அழுவுறா?"

பெண்கள் ஓரடி நெருங்கி வந்தார்கள்.

"ம்... ம்... படகு ஏறிட்டாளா! அவனோடயா? ... ஐயோ, அவன் முழியே சரியில்லன்னு அப்பவே சொன்னேன்ல. ... நல்லவனா? சரி, நல்லவனாவே இருக்கட்டும். அம்மாகாரி என்ன செஞ்சா? ... ம். ... ம். ... 'இனி இந்த வாசப்படி மிதிக்காத'ன்னா?"

போன வருஷம், ஆக்லாந்தில் பஸ் ஓட்டுகிற ஒருவனோடு போகப்போகிறேன் என்று மகள் லோசா வந்து நின்றபோது, மகெரீட்டாவின் வாயிலிருந்து வந்ததும் அதே வார்த்தைதான். லோசா போய்விட்டாள். முதலில் சில நாள் ஃபோன் அடித்தது. மகெரீட்டா எடுக்கவில்லை. பிறகு அது அடிப்பதும் நின்றுபோயிற்று.

"... இருக்கேன், இருக்கேன். லைன்லதான் இருக்கேன். ... லோசாவை எதுக்குடி இப்ப இழுக்கற? ... நான் ஒண்ணும் அதுக்காக எந்திரிக்கல! முத்தத்துக்குத்தான் எந்திரிச்சேன். ... என்னது? ... முத்தம் நாங்க வந்தப்புறந்தான் வந்துச்சா?"

அவசரமாகக் கையால் ஃபோனை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். தங்கச்சி சொல்வது சரிதான். படத்தில் அந்தப் பெண், 'எனக்கு அவர் வேணும்மா, நீங்களும் வேணும்' என்றாள். லோசாவும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். அதைக் கேட்டதும் தாங்காமல் எழுந்துவிட்டாளே தவிர, திரையில் அப்போது ஒரு மரமும் ஒரு கோழியும்தான் இருந்தன.

"மெதுவாப் பேசுடி! ... நீ மெதுவாத்தான் பேசறியா? இன்னும் மெதுவாப் பேசு. ... எவ்ளோ நேரம்? முத்தந்தான், வேறென்ன? ... அவ்ளோ நேரமா! ... அடேயப்பா. ... இரு, இரு, லேய்து என்னவோ கேக்கறா. ... என்ன லேய்து? எது ஆபாசமா? ஏன், நீ பாக்கலியா? கண்ணை மூடிட்டு இருந்தியா? ... நீயும் பாக்கலியா? நீ? ... யாருமேவா பாக்கல?"

சங்கம் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது. கையை உயர்த்தி எல்லாரையும் அமர்த்தினாள்.

"பிசிலா, நீ ஒருத்திதான் பாத்திருக்க. போதகர்கிட்ட நீயே... இரு, இன்னொரு கால் வருது. ... அவரேதான்! ... எடுக்கல. எடுத்து என்னன்னு சொல்ல? கோழியைப் பாத்துக் கோவிச்சுக்கிட்டு வந்தோம்னா? ... சிரிக்காத. பல்லைக் கடிச்சுட்டு உக்காரு. ... ம், நின்னுபோச்சு. சரி, அந்தப் பொண்ணு இப்ப எங்க? ... திரும்பி வந்துட்டாளா! ... மழைலயா? ... வாசல்லயேவா நிக்கறா? அம்மா உள்ளதான இருக்கா? ... விளக்கு எரியுதா? ... தொறக்கறாளா? ... எந்திரிச்சாளா, இல்லியா? சொல்லு! நீயே அழுதா எனக்கு யாருடி சொல்வாங்க?"

அவள் குரல் உடைந்தது. மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டாள். லேய்து மட்டும் கைக்குட்டையை நீட்டினாள்.

"... என்ன சொன்ன? லோசா உங்கிட்ட பேசறாளா? ... ஞாயித்துக்கிழமைதோறுமா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ? ... ஆமா. ... ஆமா, நான் கேக்கல. கேக்கலதான். ... நல்லாருக்காளா? ... வயித்துல எத்தனை மாசம்? ... பிசிலா! ... இல்ல, திட்டல. யாரு திட்டினா? அவ நம்பரை அனுப்பி வை. ... இப்ப வேணாம்டி, படம் முடிஞ்சதும்."

மூக்கைச் சிந்தி, உடுப்பை நீவிவிட்டு, நிமிர்ந்து நின்றாள். இப்போது அவள் மறுபடி சங்கத் தலைவி.

"லேய்து, எல்லாரும் கேளுங்க. பாக்காத ஒண்ணை எப்படிக் கண்டிக்கறது? பொய்ச்சாட்சி ஆயிடாதா? ... ஆயிடும்ல? அதான். ... பிசிலா, எந்த வரிசை? ... பக்கத்துல காலியா? ஆமாமா, எல்லாம் நம்ம சீட்டுதான, காலியாத்தான் இருக்கும்."

டிக்கெட் கிழிக்கிறவர் நாற்காலியை இழுத்துப்போட்டு வாசலை மறித்து உட்கார்ந்திருந்தார். வெளியேறும்போது, இந்தக் கதவுக்குள் இனி கால் வைக்கமாட்டோம் என்று மகெரீட்டா சபதம் போட்டது அவரிடம்தான்.

"அண்ணே, கொஞ்சம் வழி விடுங்க. எங்க ஆளு ஒருத்தி உள்ள மாட்டிக்கிட்டா. தூக்கிட்டு வரப் போறோம். ... ஆமா, எல்லாருமேதான். கனமான ஆளு அவ. ... உங்க தங்கச்சியா இருந்தா விட்டுருவீங்களா?"

அவர் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டே நாற்காலியை நகர்த்தினார். வெள்ளை உடுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இருட்டுக்குள் நுழைந்தன. மகெரீட்டா மட்டும் கதவுத் திரையைப் பிடித்தபடி ஒரு நொடி நின்றாள்.

"பிசிலா, அந்த அம்மா எங்க இருக்கா இப்ப? ... கதவுகிட்டயா? ... கை வெச்சுட்டாளா! ... பேசாத, பேசாத, ஃபோனை வை! நான் வர்றதுக்குள்ள தொறந்துடப் போறா!"